வாட் வேறு, யூனிட் வேறு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கவிதை எழுத நம் பேரவையில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பாடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, மதிப்பெண்ணும் வாங்கி, அதன் பிறகும் புரியாமலே வைத்திருக்கும் ஒரு விஷயத்தை எழுதலாம் என்று முடிவு செய்தேன். புரியாமல் வைத்திருந்தவர்களில் முதல் ஆள் நான்தான்.

நான் முதலாண்டு படித்துக் கொண்டிருந்தபோது நடந்தது இது. திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் எங்களுக்கு நான்கு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. மழை பெய்தால் மல்லியும் பருத்தியும், பெய்யாவிட்டால் சீமைக்கருவேல். ஒரு நாள் பைக்கில் ஒருவர் வந்தார். "இந்த நாலு ஏக்கர்ல ஒரு மெகாவாட் சோலார் போடலாம். இருபத்தஞ்சு வருசக் குத்தகை. கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லி ஒரு பத்திரத்தையும் வைத்துவிட்டுப் போனார்.

இரவு சாப்பிடும்போது அப்பா என்னிடம் கேட்டார்: "ஏய்யா, நீ கரண்டுப் படிப்புத்தான படிக்கிற? ஒரு மெகாவாட்டுங்கிறானே, அது ஒரு நாளைக்கா, மாசத்துக்கா?"

எங்கள் வீட்டில் கரண்ட் பில்லைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். எனவே தயங்காமல் சொன்னேன்: "ஒரு மணி நேரத்துக்குப்பா."

"அப்ப ராத்திரியிலயும் மணிக்கு ஒரு மெகாவாட்டு வருமா?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பத்திரத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார். "என்னன்னு தெரியாம கையெழுத்துப் போடக் கூடாது. நீ படிச்சுட்டு வந்து சொல்லு" என்றார்.

அப்பாவுக்குச் சொல்வதற்காக நான் படித்ததைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

கண்மாயும் மடையும்

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கண்மாயைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பது ஒரு கேள்வி. மடையைத் திறந்தால் வினாடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பது வேறு கேள்வி. முன்னது அளவு, பின்னது வேகம். மடையில் வினாடிக்கு 50 லிட்டர் ஓடுகிறது என்றால், "அது ஒரு நாளைக்கா, மாசத்துக்கா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "வினாடிக்கு" என்பது அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

மின்சாரத்தில் ஆற்றல் என்பது கண்மாய்த் தண்ணீர். திறன் என்பது மடையில் ஓடும் வேகம். ஆற்றலின் அடிப்படை அலகு ஜூல். ஒரு வினாடிக்கு ஒரு ஜூல் வீதம் ஆற்றல் செலவானால் அந்தத் திறன் ஒரு வாட். ஆக, வாட் என்ற சொல்லுக்குள்ளேயே "வினாடிக்கு" என்பது ஒளிந்திருக்கிறது. அதனால்தான் "ஒரு மணிக்கு ஒரு மெகாவாட்" என்று நான் சொன்ன பதில் தவறு. அது "மணிக்கு, வினாடிக்கு 50 லிட்டர்" என்று சொல்வதைப் போன்றது.

இந்தக் குழப்பத்திற்கு நம் பேச்சு வழக்கும் ஒரு காரணம். ஆற்றலுக்கும் சக்தி என்கிறோம், திறனுக்கும் சக்தி என்கிறோம். எல்லாவற்றிற்கும் சேர்த்துக் கரண்ட் என்கிறோம். "கரண்ட் பில்" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அந்தப் பில்லில் ஆம்பியருக்கு யாரும் காசு கேட்பதில்லை. யூனிட்டுக்குத்தான் காசு. யூனிட் என்பது ஆற்றல்.

அலகுகள் ஒரு பார்வையில்

திறன்:
1 கிலோவாட் = 1000 வாட்
1 மெகாவாட் = 1000 கிலோவாட்
1 குதிரைத் திறன் = 746 வாட்

ஆற்றல்:
1 வாட் வினாடி = 1 ஜூல்
1 கிலோவாட் மணி = 1000 வாட் × 3600 வினாடி = 36,00,000 ஜூல்
1 யூனிட் = 1 கிலோவாட் மணி
1 மெகாவாட் மணி = 1000 யூனிட்

ஜூல் என்பது ஆங்கிலேய இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூலின் பெயர். வாட் என்பது நீராவி எஞ்சினை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட்டின் பெயர். திறனுக்கு இந்தப் பெயரை வைக்கலாம் என்று 1882 இல் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார். "யூனிட்" என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். பிரிட்டனில் மின்சார விற்பனையை ஒழுங்குபடுத்தியது போர்டு ஆஃப் டிரேடு என்ற அரசுத் துறை. அதனால் கிலோவாட் மணியை அங்கே "போர்டு ஆஃப் டிரேடு யூனிட்" என்று அழைத்தார்கள். நாளடைவில் முன்பாதி உதிர்ந்து போய் யூனிட் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

ஒரு யூனிட் எவ்வளவு பெரியது?

36 லட்சம் ஜூல் என்று எழுதிவிட்டால் போதாது. அது எவ்வளவு என்று நம் தோளுக்குத் தெரிய வேண்டும்.

20 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து 10 லிட்டர் வாளித் தண்ணீரை இறைக்கிறோம் என்று வைத்துக் கொள்வோம். வேலை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம் = 10 × 9.8 × 20 = 1960 ஜூல். 36,00,000-ஐ 1960-ஆல் வகுத்தால் 1837. அதாவது ஒரு யூனிட் என்பது 1837 வாளித் தண்ணீர்! சிறிய மோட்டாரும் பம்பும் சேர்ந்து வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வீணாக்கிவிடும். பத்தில் மூன்று பங்குதான் வேலையாக மாறுகிறது என்று வைத்தாலும் 550 வாளி வந்துவிடும்.

நல்ல உடல் வலு உள்ள ஒருவர் நாள் முழுவதும் விடாமல் வேலை செய்தால் சராசரியாக 75 வாட் திறனைத் தர முடியும் என்று கணக்கிடுகிறார்கள். 8 மணி நேரத்திற்கு 600 வாட் மணி. அதாவது 0.6 யூனிட். ஒரு ஆளின் ஒரு நாள் உழைப்பு முழுசாக ஒரு யூனிட் கூட இல்லை!

இந்தக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சின்ன வயதில் மைல் கணக்கில் நடந்து போய்த் தண்ணீர் இறைத்தவர். "அப்ப நான் இறைச்சதெல்லாம் எத்தனை யூனிட்டுடா வரும்?" என்று கேட்டார். கணக்குப் போட எனக்கு மனசு வரவில்லை.

வீட்டுச் சாமான்களுக்கும் இப்படிப் பார்க்கலாம். ஒரு யூனிட்டில்,

9 வாட் எல்.ஈ.டி. விளக்கு 111 மணி நேரம் எரியும்.
75 வாட் மின்விசிறி 13 மணி 20 நிமிடம் சுற்றும்.
750 வாட் இஸ்திரிப் பெட்டி 1 மணி 20 நிமிடம்தான் தாங்கும்.

நம் கைப்பேசியில் 5000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கிறதே, அது மின்னூட்டத்தின் அளவு, ஆற்றல் இல்லை. பேட்டரியின் மின்னழுத்தம் 3.85 வோல்ட் என்றால் 5 × 3.85 = 19.25 வாட் மணி. இதுதான் ஆற்றல். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு யூனிட்டில் சுமார் 40 முறை சார்ஜ் போடலாம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இதே கணக்குத்தான். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி என்றால் 1800 வாட் மணி. 1.8 யூனிட். அவ்வளவு பெரிய பேட்டரிக்குள் இரண்டு யூனிட் கூட இல்லை.

சித்தப்பாவின் தறியும் என் அவசரமும்

அருப்புக்கோட்டையில் என் சித்தப்பா இரண்டு விசைத்தறி போட்டிருக்கிறார். விசைத்தறிக்கு இரண்டு மாதத்திற்கு 750 யூனிட் இலவசமாக இருந்ததை 2023 இல் அரசு 1000 யூனிட்டாக உயர்த்தியது நமக்குத் தெரியும். சித்தப்பா கேட்டார்: "தினமும் பன்னெண்டு மணி நேரம் ஓட்டினா ஆயிரத்துக்குள்ள நிக்குமாடா?"

தறி மோட்டார் ஒவ்வொன்றும் ஒரு குதிரைத் திறன். நான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

0.746 கிலோவாட் × 2 தறி × 12 மணி × 50 நாள் = 895 யூனிட்.

"தாராளமா நிக்கும் சித்தப்பா" என்றேன். அவரும் என்னை நம்பி ஓட்டினார். ரீடிங் எடுத்தபோது 1148. கூடுதலான 148 யூனிட்டுக்குப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. "பெரிய படிப்புப் படிக்கிறவன் சொன்னான்னு ஓட்டுனேன்" என்று சொல்லி அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

என் தவறு எங்கே? மோட்டாரின் பெயர்த்தகட்டில் எழுதியிருக்கும் குதிரைத் திறன், மோட்டார் தண்டில் நமக்குத் தரும் திறன். மீட்டர் அளப்பது மோட்டார் உள்ளே வாங்கும் திறன். இடையில் செம்புக் கம்பியின் சூடு, இரும்பு இழப்பு, உராய்வு எல்லாம் இருக்கின்றன. சிறிய மோட்டாரில் இந்த இழப்பு அதிகம். அதே சமயம் தறி எப்போதும் முழுச் சுமையில் ஓடுவதும் இல்லை. ஆகவே பெயர்த்தகட்டை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் சரியாக வராது. அளந்து பார்க்க வேண்டும்.

எப்படி அளப்பது? சார் சொல்லிக் கொடுத்த எளிய வழி இது. மின்னணு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக் கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். வீட்டு மீட்டர்களில் 3200 என்று பார்க்கலாம்; மீட்டருக்கு மீட்டர் மாறும். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அளக்க வேண்டியதை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிடத்திற்கு எத்தனை மினுக்கல் என்று எண்ணுங்கள்.

திறன் (கிலோவாட்டில்) = ஒரு நிமிட மினுக்கல் × 60 ÷ ஒரு யூனிட்டுக்கான மினுக்கல்

சித்தப்பா வீட்டுத் தறி மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 800. ஒரு தறியை மட்டும் ஓடவிட்டு எண்ணினேன். நிமிடத்திற்கு 11 மினுக்கல். 11 × 60 ÷ 800 = 0.825 கிலோவாட். இப்போது திரும்பவும் கணக்குப் போட்டேன்.

இரண்டு தறி: 0.825 × 2 × 12 × 50 = 990 யூனிட்
தார் சுற்றும் மெஷின்: 0.25 × 6 × 50 = 75 யூனிட்
நான்கு டியூப்லைட், சோக்கோடு சேர்த்து 200 வாட்: 0.2 × 8 × 50 = 80 யூனிட்
மொத்தம் = 1145 யூனிட்

மீட்டரில் 1148. மூன்று யூனிட்தான் வித்தியாசம். இப்போது சித்தப்பா பத்தரை மணி நேரத்தோடு தறியை நிறுத்தி, பழைய டியூப்லைட்டையும் மாற்றிவிட்டார். ஆயிரத்துக்குள் நிற்கிறது.

பழைய சுழல் தட்டு மீட்டரிலும் இதே கணக்குத்தான் நண்பர்களே. மினுக்கலுக்குப் பதில் தட்டின் சுற்றுகளை எண்ண வேண்டும். நம் ஆய்வகத்தில் அந்த மீட்டரை வைத்துச் செய்யும் சோதனை எதற்காக என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒரு யூனிட் 233 ரூபாய்

யூனிட் தெரியாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டணப் பட்டியலில், இரண்டு மாதத்திற்கு 500 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. ஆனால் 500-ஐத் தாண்டிவிட்டால் பட்டியலே மாறிவிடும். 101 முதல் 400 வரை எல்லாமே ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6, 501 முதல் ரூ.8.

500 யூனிட்டுக்கு: 225 + 900 + 600 = ரூ.1725
501 யூனிட்டுக்கு: 1350 + 600 + 8 = ரூ.1958

அந்த ஐந்நூற்று ஓராவது யூனிட்டின் விலை 233 ரூபாய்! 2024 ஜூலையில் கட்டணம் மேலும் உயர்ந்தது. எண்கள் மாறினாலும் படிக்கட்டு அப்படியேதான். ஆகவே மாதக் கடைசியில் ஒரு தடவையாவது மீட்டரைப் பார்த்துக் கழித்துப் பழகுங்கள். இஸ்திரிப் பெட்டியை இன்று போடலாமா, ரீடிங் எடுத்த பிறகு போடலாமா என்பது கூட ஒரு பொறியியல் முடிவுதான்.

எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில்

இதுவரை ஆற்றலைப் பார்த்தோம். இனி, ஆற்றல் பிரச்சினை இல்லாமல் திறன் மட்டும் பிரச்சினையாகும் இடத்தைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயப் பம்புசெட்டுக்கும் மின்சாரம் இலவசம். பெரும்பாலான இணைப்புகளில் மீட்டரே கிடையாது. எனவே "நமக்கு யூனிட் கணக்கு எதுக்கு?" என்று விவசாயிகள் நினைப்பது இயல்பு. ஆனால் மும்முனை மின்சாரம் வந்ததும் காட்டில் மோட்டார் எரிந்து போகிறதே, அது ஏன்?

ஊர் டிரான்ஸ்பார்மர் தகட்டைப் பாருங்கள். 63 கே.வி.ஏ. என்று இருக்கும். கிலோவோல்ட் ஆம்பியர் என்பதும் திறன்தான், தோற்றத் திறன். இதைத் திறன் காரணியால் பெருக்கினால்தான் உண்மையான கிலோவாட் கிடைக்கும். பம்புசெட்டுகளுக்குத் திறன் காரணி 0.8 என்று எடுத்துக் கொண்டால் 63 × 0.8 = 50.4 கிலோவாட்.

ஐந்து குதிரைத் திறன் மோட்டார் தண்டில் தருவது 3.73 கிலோவாட். பயனுறுதிறன் 80 சதவீதம் என்றால் உள்ளே வாங்குவது 3.73 ÷ 0.8 = 4.66 கிலோவாட். 50.4 ÷ 4.66 = 10.8. ஆக, அந்த டிரான்ஸ்பார்மர் பத்து மோட்டாரைத்தான் தாங்கும். அதில் 14 மோட்டார் இருந்து, மின்சாரம் வந்த அதே நிமிடத்தில் எல்லோரும் சுவிட்சைப் போட்டால்? மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து ஆறு மடங்கு. மின்னழுத்தம் விழுகிறது. மோட்டார் கிளம்ப முடியாமல் உறுமுகிறது. காயில் கருகுகிறது. ஒரு முறை காயில் கட்ட ஆகும் செலவு, ஒரு பருவத்து மல்லியையே தின்றுவிடும்.

இதற்கு வழி நம் பெரியவர்களுக்கே தெரியும். கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதில்லையா? அதே முறைதான். ஏழு பேர் முதல் மூன்று மணி நேரம், அடுத்த ஏழு பேர் பிந்திய மூன்று மணி நேரம். மொத்த யூனிட் மாறவில்லை. ஒரே நேரத்தில் விழும் கிலோவாட் மட்டும் பாதியாகிவிட்டது. கெப்பாசிட்டர் போட்டால் திறன் காரணியும் உயர்ந்து, டிரான்ஸ்பார்மருக்கு இன்னும் மூச்சு விட இடம் கிடைக்கும். அருப்புக்கோட்டை நூற்பாலைகள் போன்ற உயரழுத்த இணைப்புகளின் பில்லில் யூனிட்டுக்குத் தனியாகவும், உச்சத் தேவையான கே.வி.ஏ.வுக்குத் தனியாகவும் பணம் கேட்பது இதனால்தான். கண்மாய்த் தண்ணீருக்கு ஒரு விலை. மடையின் அகலத்திற்கு ஒரு விலை.

செய்தித்தாளில் இரண்டு சாதனைகள்

2024 கோடையில் தமிழ்நாட்டில் மின்சாரத்தில் இரண்டு உச்சங்கள் பதிவாயின. ஏப்ரல் 30 அன்று ஒரே நாளில் 45.43 கோடி யூனிட் செலவானது. மே 2 அன்று உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஏன் இரண்டும் வெவ்வேறு நாளில்? முதலாவது நாள் முழுவதும் ஓடிய தண்ணீரின் அளவு. இரண்டாவது ஏதோ ஒரு நேரத்தில் மடையில் இருந்த வேகம். 45.43 கோடி யூனிட்டை 24 மணியால் வகுத்தால் ஏப்ரல் 30-இன் சராசரித் திறன் சுமார் 18,930 மெகாவாட் வருகிறது. சராசரி அந்த அளவுக்கு உயர்ந்த நாளில்தான் அதிகபட்ச வேகமும் வர வேண்டும் என்ற கட்டாயமில்லை.

கமுதி சொல்லும் பாடம்

திருச்சுழிக்குத் தென்கிழக்கே, கமுதி அருகில் செங்கப்படைப் பகுதியில் 2016 இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் தொடங்கியது. சுமார் 2500 ஏக்கர். 25 லட்சம் தகடுகள். ஒரே இடத்தில் அமைந்ததில் அப்போது உலகிலேயே மிகப் பெரியது என்று பேசப்பட்டது. 648 மெகாவாட்டை 25 லட்சத்தால் வகுத்தால் தகட்டுக்கு 259 வாட். ஏக்கரால் வகுத்தால் ஏக்கருக்கு 259 கிலோவாட். அதாவது நாலு ஏக்கருக்கு ஒரு மெகாவாட். பைக்கில் வந்தவர் சொன்ன கணக்கு சரிதான்.

ஆனால் 648 மெகாவாட் என்பது நல்ல வெயிலில் எட்டக் கூடிய அதிகபட்ச வேகம். காலையில் குறைவு, மேகம் வந்தால் குறைவு, இரவில் சுழி. ஆண்டு முழுவதையும் சராசரி பார்த்தால் 19 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம்.

648 மெகாவாட் × 8760 மணி × 0.19 = சுமார் 10,78,500 மெகாவாட் மணி = 107.85 கோடி யூனிட்.

கூடங்குளத்தின் ஒரு உலை 1000 மெகாவாட். அது ஆண்டில் 80 சதவீதம் ஓடினால் 700 கோடி யூனிட். திறனில் கமுதி, கூடங்குளத்தின் ஓர் உலையில் மூன்றில் இரண்டு பங்கு. ஆற்றலிலோ ஆறரையில் ஒரு பங்கு. மெகாவாட்டை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் இப்படித்தான் ஏமாறுவோம்.

இன்னொன்று. கமுதி நிலையம் ஒன்றரை லட்சம் வீடுகளுக்கு மின்சாரம் தரும் என்று 2016 இல் வெளிநாட்டுச் செய்திகளில் எழுதினார்கள். 107.85 கோடியை ஒன்றரை லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். வீட்டுக்கு ஆண்டுக்கு 7190 யூனிட். இரண்டு மாதத்திற்கு சுமார் 1200. எங்கள் தெருவில் 1200 யூனிட் ஓடும் வீடு ஒன்று கூட இல்லை. இரண்டு மாதத்திற்கு 200 யூனிட் செலவழிக்கும் வீடு என்று எடுத்தால் அதே மின்சாரம் ஒன்பது லட்சம் வீட்டுக்குப் போதும். ஆகவே "இத்தனை வீடு" என்பது அலகே இல்லை. யாருடைய வீடு என்று கேட்க வேண்டும்.

தேர்வில் நாம் செய்யும் தவறுகள்

1. "1 யூனிட் = 1000 வாட்" என்று எழுதுவது. தவறு. 1000 வாட் மணி என்பதே சரி.

2. கிலோவாட்டுக்கும் மணிக்கும் நடுவே சாய்வுக்கோடு போடுவது. சாய்வுக்கோடு என்றால் வகுத்தல். யூனிட் என்பது கிலோவாட்டை மணியால் பெருக்கியது, வகுத்தது அல்ல.

3. சின்ன எம்முக்கும் பெரிய எம்முக்கும் வித்தியாசம் பார்க்காமல் எழுதுவது. சின்ன எம் மில்லி. பெரிய எம் மெகா. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு.

4. மோட்டார் கணக்கில் குதிரைத் திறனை 746-ஆல் பெருக்கி அப்படியே யூனிட் போடுவது. பயனுறுதிறனால் வகுக்க மறக்காதீர்கள். மறந்தால் தேர்வில் இரண்டு மதிப்பெண் போகும். எனக்குச் சித்தப்பாவின் பணம் போனது.

அப்பாவுக்குச் சொன்ன பதில்

இவ்வளவும் படித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் உட்கார்ந்தேன்.

"அப்பா, மெகாவாட்டுங்கிறது நாளைக்கும் இல்ல, மாசத்துக்கும் இல்ல. அது மடையோட அகலம் மாதிரி. உச்சி வெயில்ல அம்புட்டு வேகத்துல வரும். ராத்திரி வராது. நாம கேக்க வேண்டியது வருசத்துக்கு எத்தனை யூனிட்டுன்னு."

1000 கிலோவாட் × 8760 × 0.19 = 16,64,400 யூனிட். தாளில் எழுதிக் காட்டினேன். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமம்; எண் நன்றாகத் தெரியும். "பதினாறரை லட்சம் யூனிட்டா? நம்ம நாலு ஏக்கர்லயா?" என்று இரண்டு தடவை கேட்டார். யூனிட்டுக்குப் பத்துப் பைசா நமக்கு என்று பேசினால் கூட ஆண்டுக்கு ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம் வரும் என்றேன். அப்பா பதில் பேசவில்லை. வெகுநேரம் காட்டுப் பக்கமே பார்த்துக் கொண்டிருந்தார்.

பைக்காரர் மறுபடியும் வந்தார். அப்பா பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "வருசத்துக்கு எத்தனை யூனிட்டு எடுப்பீக? யூனிட்டு என்ன விலைக்குப் போகும்? எங்களுக்கு யூனிட்டுக் கணக்குல தருவீகளா, ஏக்கர் கணக்குலயா?" வந்தவர் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்டுக் கொண்டு வந்து சொல்கிறேன் என்று போனவர்தான். இதை எழுதும் நாள் வரை வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும், கொடுப்பதா வேண்டாமா என்பதை இனி அப்பா தெரிந்து முடிவு செய்வார். எனக்கு அது போதும்.

நண்பர்களே, நம்மில் பலருடைய வீட்டிலும் இப்படிக் கேள்வி கேட்க ஒரு அப்பாவோ சித்தப்பாவோ இருக்கிறார்கள். தேர்வுத் தாளைத் திருத்துபவருக்கு மட்டும் விளங்கும்படி படித்தால் போதாது. அவர்களுக்கும் விளங்கும்படி படிப்போம். இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மீட்டர் விளக்கை ஒரு நிமிடம் நின்று எண்ணிப் பாருங்கள். ஏதேனும் பிழை இருந்தால் துறை வகுப்பறையில் வந்து சொல்லுங்கள், திருத்திக் கொள்கிறேன்.



- இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை